பி12: பாக்டீரியாவின் நொதிகள் கட்டித் தரும் வைட்டமின்

1930-களில் தெற்கு ஆஸ்திரேலியாவின் கடலோர மேய்ச்சல் நிலங்களில் ஆடுகள் காரணம் தெரியாமல் மெலிந்து செத்துக்கொண்டிருந்தன. புல்லுக்குக் குறைவில்லை. ஆனாலும் சில மாதங்களில் ரத்தம் குன்றி, கண் இமையின் உட்புறம் வெளுத்து, தீனியைத் தொடாமல் படுத்துவிடும். நியூசிலாந்திலும் இதே நோய் இருந்தது. இரும்புச்சத்துக் குறைவுதான் என்று நினைத்து, லிமோனைட் என்ற இரும்புத் தாதுவைப் பொடித்துக் கொடுத்தார்கள். சில ஆடுகள் தேறின. 1935-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் அண்டர்வுட், ஃபில்மர் என்ற இருவர் அந்தத் தாதுவிலிருந்து இரும்பைப் பிரித்தெடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் ஆடுகள் தேறின. மிச்சத்தில் இருந்த மருந்து கோபால்ட். அதுவும் நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமோ அதற்கும் குறைவோ போதும்.

பிறகு இன்னொரு விஷயமும் தெரியவந்தது. கோபால்ட்டை வாய்வழியாகக் கொடுத்தால் ஆடு பிழைக்கிறது. அதையே ஊசியில் ஏற்றினால் பலனில்லை. ஆட்டின் ரத்தத்துக்குக் கோபால்ட் தேவையென்றால் ஊசிதானே குறுக்குவழி? அப்படியானால் கோபால்ட் வேண்டியிருந்தது ஆட்டுக்கு இல்லை, வேறு யாருக்கோ.

1948-ல் அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் கார்ல் ஃபோக்கர்ஸ் குழுவும், இங்கிலாந்தின் கிளாக்ஸோவில் லெஸ்டர் ஸ்மித்தும், ஈரலிலிருந்து ஒரு சிவப்புப் படிகத்தைத் தனித்தனியே பிரித்தெடுத்தார்கள். ஈரல் சாப்பிட்டால் தேறுகிற கொடிய ரத்தசோகைக்கு மருந்தாக இருந்த பொருள் அதுதான். அதற்கு வைட்டமின் பி12 என்று பெயர் வைத்தார்கள். அதன் உள்ளே ஒரு கோபால்ட் அணு இருந்தது. ஆட்டின் முதல் இரைப்பையில் வாழும் பாக்டீரியா, புல்லோடு வரும் கோபால்ட்டை வைத்து பி12 தயாரிக்கிறது. ஆடு அதை எடுத்துக்கொள்கிறது. ஊசியில் ஏற்றிய கோபால்ட் இரைப்பைக்குப் போதிய அளவில் வந்து சேர்வதில்லை. ஆனால் பி12-ஐ ஊசியில் போட்டால் ஆடு தேறிவிடும்.

பி12-ஐ எந்தத் தாவரமும் தயாரிப்பதில்லை, எந்த விலங்கும் பூஞ்சையும் தயாரிப்பதில்லை. பாக்டீரியாவும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களும் மட்டுமே தயாரிக்கின்றன. அவற்றிலும் எல்லாவற்றுக்கும் அந்தத் திறமை கிடையாது. பாலில் இருக்கும் பி12 மாடு தயாரித்தது இல்லை, முட்டையில் இருப்பது கோழி தயாரித்தது இல்லை. எங்கோ ஒரு பாக்டீரியா, சுமார் 30 நொதிகளை வரிசையாக வேலை வாங்கிக் கட்டியதுதான் அத்தனையும்.

நொதிகளைப் பற்றிப் பள்ளியில் படித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும்: வேதிவினையின் வேகத்தைக் கூட்டுபவை, தாம் மாறாதவை. அது சரிதான். ஆனால் ஒரு வைட்டமின் எப்படி உருவாகிறது என்று பார்க்கும்போது அந்த விளக்கம் பாதிதான். தானாக விட்டால் நடக்கக்கூடியது ஒன்று இருக்கும், உயிருக்கு வேண்டியது இன்னொன்றாக இருக்கும். முதலாவது நடக்க விடாமல், இரண்டாவதை மட்டும் நடத்துவதுதான் நொதியின் பெரிய வேலை. பி12 கட்டப்படும் வழியில் இதைக் கிட்டத்தில் பார்க்கலாம்.

முதலில் அந்த மூலக்கூறின் அளவைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையில் வரும் பி12-ல் 181 அணுக்கள் இருக்கின்றன. நடுவில் கோபால்ட், அதைச் சுற்றி நான்கு சிறு வளையங்கள் சேர்ந்த ஒரு பெரிய வளையம், கீழே தொங்கும் ஒரு வால். இந்த வடிவத்தை ஆக்ஸ்ஃபோர்டில் டோரத்தி ஹாட்கின் எக்ஸ்-கதிர் கொண்டு 1950-களின் நடுவில் கண்டுபிடித்தார். 1964-ல் நோபல் பரிசு பெற்றார். அடுத்து, இதை ஆய்வகத்தில் செய்து காட்ட முடியுமா என்று ஹார்வர்டில் வுட்வர்டும் சூரிச்சில் எஷன்மோசரும் கைகோத்து இறங்கினார்கள். சுமார் நூறு வேதியியலாளர்கள் பத்தாண்டுக்கு மேல் உழைத்து 1972-ல் முடித்தார்கள். இருபதாம் நூற்றாண்டு வேதியியலின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று அது. ஆனால் அந்த வழியில் யாரும் பி12 தயாரித்து விற்கவில்லை. இன்றும் கடையில் கிடைக்கும் பி12 முழுவதும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து எடுப்பதுதான்.

சரி, பாக்டீரியா எங்கே தொடங்குகிறது?

தொடக்கம் மிக எளிமையானது. அமினோ அமிலங்களிலேயே சிறியதான கிளைசின். உயிரினம் இதிலிருந்துதான் ரத்தச் சிவப்பைச் செய்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் டேவிட் ஷெமின். 1940-களில் அவர் கனமான நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த கிளைசின் 66 கிராமைத் தானே சாப்பிட்டு, பிறகு தன் ரத்தத்தைத் தொடர்ந்து எடுத்துச் சோதித்தார். அந்த நைட்ரஜன் ஹீமோகுளோபினின் ஹீம் வளையத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அத்தோடு, சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது என்பதும் அதே சோதனையில் தெரிந்தது. பின்னர் பாக்டீரியாவில் அவரது குழு பார்த்தபோது, பி12-ன் வளையமும் இதே கச்சாப்பொருளிலிருந்துதான் வருகிறது என்று புரிந்தது.

கிளைசினிலிருந்து அமினோலெவுலினிக் அமிலம் என்ற சின்ன மூலக்கூறு வருகிறது. பல உயிரினங்கள் வேறு வழியாக இதைச் செய்கின்றன. எப்படி வந்தாலும், அதில் இரண்டைச் சேர்த்து ஒரு நொதி ஐந்து முனை கொண்ட சிறு வளையம் ஆக்குகிறது. இப்படி நான்கு சிறு வளையங்களை அடுத்த நொதி சங்கிலியாகக் கோக்கிறது. இந்த நொதி வேலை செய்யும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. தன் உடலிலேயே இரண்டு வளையங்களை நிரந்தரமாக ஒட்டி வைத்திருக்கிறது. புதிதாக வரும் வளையங்களை அதன் நுனியில் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறது. ஆறு வளையச் சங்கிலி ஆனதும், கடைசியாகச் சேர்ந்த நான்கை மட்டும் வெட்டி விடுகிறது. முதல் இரண்டும் அடுத்த சுற்றுக்காக அப்படியே இருக்கும்.

வெட்டி விட்ட நான்கு வளையச் சங்கிலியைத் தண்ணீரில் சும்மா விட்டால் சில நிமிடங்களில் தானாகவே வளைந்து, இரு முனையும் சேர்ந்து மூடிக்கொள்ளும். நொதியே தேவையில்லை. ஆனால் அப்படி மூடிய பெரிய வளையம் உயிருக்குப் பயன்படாது. பயன்படும் வளையத்தில் நான்காவது சிறு வளையம் மட்டும் தலைகீழாகத் திரும்பியிருக்க வேண்டும். அந்த ஒன்றைத் திருப்பி வைத்து மூடுவதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. சங்கிலி தானாக மூடிக்கொள்வதற்கு முன்பே அதைப் பிடித்துக்கொள்கிறது.

இந்த நொதி நம் உடலிலும் உண்டு, ஹீம் செய்வதற்காக. பிறவியிலேயே இது பழுதான குழந்தைகள் மிக அரிதாகப் பிறக்கிறார்கள். அவர்கள் உடலில் தானாக மூடிய தவறான வளையம் சேர்ந்துகொண்டே போகும். சிறுநீர் சிவக்கும், பல்லில் செம்பழுப்பு ஏறும், வெயில் பட்டால் தோல் கொப்புளித்துப் புண்ணாகும். வினை நின்றுபோனதால் வந்த நோய் என்று மட்டும் இதைச் சொல்ல முடியாது. வினை தன் போக்கில் நடந்ததுதான் இங்கே தொல்லை.

சரியாக மூடிய வளையம் ஒரு கூட்டுச்சாலை மாதிரி. அங்கிருந்து ஒரு பக்கம் போய் இரும்பைச் சேர்த்தால் ஹீம், ரத்தத்தின் சிவப்பு. மெக்னீசியம் சேர்த்தால் பச்சையம், இலையின் பச்சை. கோபால்ட் பக்கம் போனால் பி12. எந்த நொதி முதலில் தொடுகிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது. நம்மிடமும் தாவரங்களிடமும் முதல் இரண்டு வழிகளுக்கு வேண்டிய நொதிகள்தான் பங்கிட்டு இருக்கின்றன. மூன்றாவது வழியை முழுவதும் நடந்து முடிக்கும் நொதிகள் பாக்டீரியா, ஆர்க்கியா கையில் மட்டும்.

மூன்றாவது வழியில் வளையத்தைச் சுற்றி மீத்தைல் தொகுதிகளைப் பதிப்பதுதான் பெரிய வேலை. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவு சிறியது. மொத்தம் எட்டு இடங்களில் பதிக்கப்படுகிறது. இடைப்பொருள்களின் பெயரே அந்தக் கணக்கில்தான் போகிறது: இரண்டு மீத்தைல் ஏறியது பிரீகோரின்-2, மூன்று ஏறியது பிரீகோரின்-3, இப்படி எட்டு வரை. எந்த இடம் முதலில், எந்த இடம் அடுத்து என்பதில் மாற்றமே கிடையாது. அந்தந்த இடத்துக்கென்று நொதி உண்டு, சில நொதிகள் இரண்டு இடங்களைக் கவனித்துக்கொள்கின்றன.

இதில் இரண்டு திருப்பங்கள் வேதியியலாளர்களை வியக்க வைத்தன. பி12-ன் பெரிய வளையம் ஹீமின் வளையத்தைவிட ஒரு கார்பன் சிறியது. அந்தக் கார்பனை வெளியே எடுப்பதற்கு முன், அதன் மேலேயே ஒரு மீத்தைலைப் பதிக்கிறார்கள், மன்னிக்கவும், பதிக்கின்றன நொதிகள். பிறகு கார்பனும் மீத்தைலும் சேர்ந்து வெளியேறுகின்றன. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் வாழும் பாக்டீரியாவில் அது அசிட்டிக் அமிலமாக வெளியேறுகிறது, வினிகரில் இருக்கும் அதே அமிலம். அதனால் எட்டில் ஏழு மீத்தைல்தான் கடைசியில் நிற்கும்.

இன்னொரு மீத்தைல், போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போவதில்லை. பக்கத்துக் கார்பனில் பதிந்து, சில படிகள் கழித்து ஒரு நொதியின் உள்ளே தன் இடத்துக்கு நகர்கிறது. இந்த வகை நகர்வு எப்போது நடக்கும், எப்போது நடக்காது என்பதற்கு வுட்வர்டும் ரோல்ட் ஹாஃப்மனும் 1965-ல் விதிகள் எழுதினார்கள். அந்த விதிகளைத் தேட வுட்வர்டைத் தூண்டியதே பி12 செய்யும் முயற்சியில் கண்ட ஒரு புதிர்தான். ஹாஃப்மனுக்கு 1981-ல் நோபல் கிடைத்தபோது வுட்வர்ட் உயிரோடு இல்லை. பாக்டீரியாவும் பி12 கட்டும்போது அதே குடும்பத்து வினையைப் பயன்படுத்துகிறது என்று பின்னால் தெரிந்ததை, இந்தக் கதையின் மிக அழகான இடமாக நான் நினைக்கிறேன்.

இவற்றையெல்லாம் கண்டுபிடிக்க ஏன் இத்தனை காலம் ஆனது? இடைப்பொருள்கள் மிகவும் மென்மையானவை. காற்றுப் பட்டால் கெட்டுவிடும். செல்லில் தேடினால் கிடைக்காது, அத்தனை குறைவு. கேம்பிரிட்ஜில் ஆலன் பேட்டர்ஸ்பியும் டெக்சஸில் இயன் ஸ்காட்டும் கார்பன்-13 என்ற சற்றுக் கனமான கார்பன் அணுக்களை அடையாளமாக வைத்துப் பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். பிரான்சில் ரோன்-பூலான்க் நிறுவனத்து ஆய்வாளர்கள், பி12 தயாரிக்கும் ஒரு சூடோமோனாஸ் பாக்டீரியாவிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட ஜீன்களைப் பிரித்தெடுத்தபோதுதான் கதவு திறந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஆக்சிஜன் வழி தெளிவானது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாவின் வழி வேறு. அங்கே கோபால்ட்டைத் தொடக்கத்திலேயே வளையத்துக்குள் வைத்துவிடுகின்றன. ஆக்சிஜன் வழியில் அது பின்னால்தான் வருகிறது. இந்த இரண்டாவது வழி முழுதாகத் தெளிவாக 2013 வரை ஆனது. அதை முடித்தது இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் வாரனின் குழு.

அதே குழு ஓராண்டுக்கு முன் இன்னொன்றைக் காட்டியிருந்தது. இந்த நொதிகளில் பல, வேலை முடிந்ததும் தான் செய்த பொருளை விட்டுவிடுவதில்லை. இறுகப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன, அடுத்த நொதி வந்து வாங்கிக்கொள்ளும் வரை. ஆய்வாளர்கள் வரிசையை ஓரிடத்தில் நிறுத்தி, கடைசி நொதியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அது தன் இடைப்பொருளையும் சேர்த்துக்கொண்டு வந்தது. நிறமில்லாமல் இருக்க வேண்டிய புரதம் நிறத்தோடு வந்தது. செல்லில் தேடியும் கிடைக்காதவை இப்படி ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன. கெட்டுப்போகிற பொருள் செல்லுக்குள் கெடாமல் எப்படிக் கடைசி வரை போகிறது என்பதற்கும் அதுவே விடை. தண்ணீரில் அது தனியாக மிதக்கும் நேரம் மிகக் குறைவு.

இந்த அறிவு இன்று கைத்திறமையாகவும் ஆகியிருக்கிறது. 2018-ல் சீன ஆய்வாளர்கள் வேறு பாக்டீரியாக்களின் 28 ஜீன்களை, அடிப்படையிலிருந்து பி12 செய்யத் தெரியாத ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் வைத்து, அதையே பி12 தயாரிக்க வைத்தார்கள்.

வளையம் முடிந்தது. இனி வால். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் நம் வீட்டுச் சாப்பாட்டோடு நேரடியாகத் தொடர்புள்ள இடம் இது.

வளையத்தின் கீழே கோபால்ட்டோடு ஒட்டி நிற்கும் சிறு தொகுதியின் பெயர் டைமீத்தைல்பென்சிமிடசோல். நமக்குப் பயன்படும் பி12-ல் இதுதான் இருக்க வேண்டும். இது எங்கிருந்து வருகிறது என்பது 2007-ல்தான் தெளிவானது. ப்ளூ-பி என்ற நொதி, இன்னொரு வைட்டமினான பி2-விலிருந்து வந்த மூலக்கூறைப் பிடித்து, ஆக்சிஜன் கொண்டு உடைத்து, அதன் ஒரு துண்டை இதற்காக எடுக்கிறது. ஒரு வைட்டமினை அழித்து இன்னொன்றுக்குப் பாகம் செய்கிறது.

ஆனால் எல்லா நுண்ணுயிர்களும் இந்தத் தொகுதியை வைப்பதில்லை. நீலப்பச்சைப் பாசிகள் பெரும்பாலும் இதன் இடத்தில் அடினைன் என்ற வேறொரு தொகுதியை வைக்கின்றன. அதற்குப் பெயர் போலி பி12. பாசிக்கு அது நன்றாகவே வேலை செய்யும். மனித உடலில் பி12-ஐப் பிடித்துக்கொண்டு போகும் புரதம், நம் வயிற்றில் சுரப்பது, அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. சுருள்பாசி என்று நாம் சொல்லும் ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் இந்தப் போலிதான். பாக்டீரியாவை வளர்த்து அளக்கும் பழைய சோதனை முறையில் அசலும் போலியும் சேர்ந்தே கணக்கில் வரும். அதனால் பெட்டியின் மேல் எண் பெரிதாக இருக்கும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு இதை பி12-க்கு மாற்றாகச் சொல்லி விற்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. குறைபாடு இருக்கிற ஒருவர் இதை நம்பிக்கொண்டிருந்தால், நரம்பு பாதிக்கும் வரை தெரியாமல் போகலாம்.

பழைய சோற்றையும் புளித்த மாவையும் பற்றி இதே மாதிரி ஒரு நம்பிக்கை உலவுகிறது. புளிப்பு ஏறினால் பி12 வந்துவிடும் என்கிறார்கள். புளிக்க வைப்பது லாக்டிக் அமில பாக்டீரியா. அந்த 30 நொதிகளுக்கான ஜீன்கள் அவற்றில் பெரும்பாலானவற்றிடம் இல்லை. ஒன்றிரண்டு இனங்களிடம் இருந்தாலும், நன்கு ஆராயப்பட்ட ஓர் இனம் தருவது பெரும்பாலும் போலி பி12. பழைய சோறு நல்ல சாப்பாடு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பி12-ஐ அதன் கணக்கில் எழுதக் கூடாது.

அப்படியானால் சைவம் மட்டுமே சாப்பிட்டு வந்த நம் ஊர்க்காரர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? பால், தயிர், மோர் என்பது ஒரு விடை. இன்னொரு சாத்தியத்தை வேலூர் சி.எம்.சி.யில் ஆல்பர்ட், மதன், பேக்கர் மூவரும் 1980-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மனிதப் பெருங்குடலில் பி12 தயாரிக்கும் பாக்டீரியா நிறைய உண்டு என்பது முன்பே தெரியும். ஆனால் பி12 உடலில் ஏறுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். பெருங்குடலில் தயாராவது அந்த இடத்தைத் தாண்டி வந்துவிட்டதால் வீணாகத்தான் போகிறது. வேலூர் ஆய்வாளர்கள் நோயில்லாத தென்னிந்தியர்களின் சிறுகுடலிலேயே பாக்டீரியா கணிசமாக வாழ்வதைக் கவனித்திருந்தார்கள். அவற்றில் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா வகைகள் பி12-ஐக் குறிப்பிடத்தக்க அளவில் தயாரிக்கக் கூடும் என்று காட்டினார்கள். அதனால் நம் எல்லோருக்கும் போதுமான பி12 உள்ளேயே கிடைக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. பி12 குறைபாடு இந்தியாவில் பரவலாக இருப்பதே அதற்குச் சாட்சி.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது சுமார் 2.4 மைக்ரோகிராம், ஒரு கிராமில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு சொச்சம். அதுவும் நம் உடலில் இரண்டே இரண்டு நொதிகளுக்காக. ஒன்று மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் செய்கிறது, டி.என்.ஏ. பெருகுவதற்கு வேண்டிய ஃபோலேட் என்ற இன்னொரு வைட்டமினும் அதோடு சேர்ந்துதான் ஓடுகிறது. இன்னொன்று சில கொழுப்பு அமிலங்களும் அமினோ அமிலங்களும் உடையும்போது வரும் ஒரு மூலக்கூறின் எலும்புக்கூட்டையே மாற்றி அடுக்குகிறது. அங்கே வேலை செய்வது கோபால்ட்டுக்கும் கார்பனுக்கும் இடையிலான மெல்லிய பிணைப்பு. தண்ணீரில் அது எளிதில் அறுவதில்லை. நொதியின் உள்ளே அறுபடும் வேகம் சுமார் லட்சம் கோடி மடங்கு கூடுகிறது. அறுந்ததும் பிறக்கும் அடங்காத எலக்ட்ரான், வேறு எதையும் தாக்காமல் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்யும்படி நொதி அதைச் சுற்றி மூடி வைத்திருக்கிறது.

மாத்திரையாக வாங்குகிற வழக்கமான பி12-லும் நொதிக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பாக்டீரியாவிடமிருந்து பிரித்தெடுக்கும்போது, கெடாமல் இருப்பதற்காகக் கோபால்ட்டின் மேல் சயனைடு தொகுதி ஒன்றைச் சேர்க்கிறார்கள். அளவு மிகச் சிறியது, பயப்பட ஏதுமில்லை. ஆனால் சயனைடு ஏறிய அந்த வடிவம் நம் இரண்டு நொதிகளுக்கும் நேரடியாக உதவாது. செல்லுக்குள் போனதும் நம்முடைய நொதி ஒன்று சயனைடைக் கழற்றிவிடுகிறது. பிறகு மீத்தைலோ அடினோசில் என்ற வேறொரு தொகுதியோ அந்த இடத்தில் ஏறுகிறது. கழற்றும் நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்கு, ரத்தத்தில் பி12 அளவு சரியாக இருந்தாலும் உடலில் குறைபாடு இருக்கும். சாதாரண பி12 மாத்திரை அவர்களுக்குப் போதிய பலன் தராது. சயனைடு இல்லாத ஹைட்ராக்சோகோபாலமினை ஊசியாகப் போடுகிறார்கள், மாத்திரையைவிட அதற்கு உடல் நன்றாக இணங்குகிறது.